வெறும் வயிற்றில் சொல்லக்கூடாத செய்தி

வாசகப் பெருமக்களுக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பு. சென்ற வாரம் ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் கால் நீட்டிப் படுத்த நிலையில் நாம் விட்டுவிட்டு வந்த லிஃப்ட் இன்ஸ்பெக்டர், இந்த அத்தியாயம் அச்சேறும் நேரத்தில் உயிருடன் இருக்கிறார். இந்தச் செய்தியைக் கேட்டு அதிகம் ஆச்சரியப்பட்டவர் அவரேதான்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. இன்ஸ்பெக்டருக்கு ஆறு மாதமாகத் தலைவலி. வலது நெற்றிப் பொட்டில், உள்ளே இருந்து யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுவது போன்ற வலி. கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். பல் மருத்துவர் ஒரு பாவமும் அறியாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். காது மூக்குத் தொண்டைக்காரர் மூன்றிலும் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருப்பதாகக் கொஞ்சம் ஏமாற்றத்துடன் சொன்னார். தலையணை மாறியது, கட்டிலின் திசை மாறியது. வலி மட்டும் மாறவில்லை.

இதற்கிடையில் அவர் கைபேசியில் தேடிப் படித்ததில், உலகத்தில் தலை என்ற உறுப்புக்கு வரக்கூடிய அத்தனையும் தமக்கு வந்துவிட்டதாகத் தெரிந்துகொண்டார். ஸ்கேன் எடுத்த பெண்ணிடம், ஏதாவது தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் சொல்வார் என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பை இவர் ஒரு வாரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். இரக்கச் சிரிப்பு என்பது இவர் முடிவு. வேலை முடிகிற நேரத்துச் சிரிப்பு என்பது அவர் மனைவியின் முடிவு.

இன்று முடிவு சொல்லும் நாள். மாலை நான்கு மணிக்கு நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் இன்ஸ்பெக்டர் மனைவியை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தார். முதலில் இந்த வால்வு, பிறகு அந்த சுவிட்ச். நான் இல்லாத நாளில் நீ திண்டாடக்கூடாது என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மோட்டாரைத் தினமும் போட்டு அணைப்பவள் அந்த அம்மாள்தான். அவர் முதலில் சொன்ன வால்வு துருப்பிடித்து வேலை செய்யாமல் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. "சரிங்க, பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்தவர்களின் பக்கத்தில் உட்காருவதே அவளுடைய பிழைப்பு. லாரி எதிரே வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. அவள் யாரிடமும் பயப்படாதே என்று சொல்வதில்லை. தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, "ரோட்டைப் பாருங்க" என்பாள். அவ்வளவுதான். தலைவலி தொடங்கிய முதல் மாதம் புருஷனுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நாள் முழுக்க ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். ஆறுதல் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. பிறகு ரோட்டைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

கீழே மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குடிதண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை. இதைவிடப் பத்து மடங்கு பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. வேறு ஊர், ஒரு ராத்திரி ரயில் பயணம். வருகிறேனா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

"எனக்காக நீ யோசிக்காதே. நான் எப்படியோ போறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். போறேன் என்ற சொல்லை அவர் இழுத்த இழுப்பில், எந்த மகளும் வாசற்படியைத் தாண்ட முடியாது.

"சாயங்காலம் பேசிக்கலாம்ப்பா" என்று அவள் அவர் நெற்றிப் பொட்டில் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அது தினசரி வழக்கம். அந்த ஒரு நிமிஷம் வலி இருக்காது. இதை அவர் எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் அந்த வீட்டின் அடிப்படைச் சட்டம் ஒன்றை விளக்கியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன், அம்மாளின் பெரியப்பாவிடம் அவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட செய்தியை யாரோ காலையில் வெறும் வயிற்றில் சொல்லிவிட்டார்கள். அவர் அப்படியே மயங்கி, நிறுத்தியிருந்த சைக்கிளின் மேல் விழுந்தார். இரண்டு பற்கள் போயின. சைக்கிளும் அதற்குப் பிறகு நேராக ஓடவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில், கெட்ட செய்தி எதுவானாலும் கேட்பவர் சாப்பிட்ட பிறகுதான் சொல்லப்படும். எதைப் பற்றிய செய்தி என்று கோடி காட்டுவதும் குற்றம்.

இதன் விளைவாக, ஊரே குசலம் விசாரிக்கப் பயன்படுத்தும் ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பந்தியே நடந்தாலும் "தட்டு வெச்சாச்சு" என்பார்கள். விவரம் தெரியாத விருந்தாளி யாராவது உள்ளே நுழையும்போது "சாப்பிட்டாச்சா?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் கைக்கு எட்டிய நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

முற்பகலில் இன்ஸ்பெக்டர் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் அந்த லிஃப்ட் ஞொய் என்று ஒரு சத்தம் போடும். கம்பி வடத்தைப் பார்த்தாயிற்று, பிரேக்கைப் பார்த்தாயிற்று, தண்டவாளத்தை மட்டம் பிடித்துப் பார்த்தாயிற்று. எல்லாம் விதிப்படி இருந்தது. சத்தமும் இருந்தது.

இம்மாதிரி நேரத்தில் அவர் இலாகாவில் எழுதுவதற்கென்றே ஒரு வாக்கியம் உண்டு: 'சத்தம் உண்டு, கோளாறு இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபார்வை.' மற்ற இன்ஸ்பெக்டர்கள் அதைத் தூக்கத்தில்கூட எழுதுவார்கள். இவர் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஒருமுறைகூட எழுதியதில்லை. காரணம் தெரியாத சத்தத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் இன்ஸ்பெக்டரே இல்லை என்பது அவருடைய கொள்கை. லிஃப்டை நிறுத்திச் சிவப்புப் பலகை மாட்டிவிடுவார். அந்தக் குடியிருப்பில் ஏழு மாடி. கொள்கையின் உயரமும் அதுதான் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கீழே புலம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது கைபேசி அடித்தது. மைத்துனர்.

மைத்துனர் அம்மாளின் தம்பி. மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக முப்பது வருஷம் டாக்டர்களின் அறை வாசலில் காத்திருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் வெளியே உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் ஒரு கதவுதான் வித்தியாசம் என்பது அவர் கருத்து. குடும்பத்தில் அரை டாக்டர் என்று பெயர். அவர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். ஸ்கேன் படத்தைக் காலையிலேயே போய் வாங்கி வருகிற பொறுப்பை அவர் கேட்டு வாங்கியிருந்தார்.

"அத்தான்" என்றார் மைத்துனர். பிறகு ஒரு கனைப்பு. "சாப்பிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் லிஃப்டின் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து வந்தது காற்றுதான். காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை என்பதை அந்தக் காற்றிலிருந்து மைத்துனர் எப்படியோ புரிந்துகொண்டு, முதலில் சாப்பிடும்படியும் மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

மனைவியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பாடம் நடத்தும்போது அவள் கைபேசியை அணைத்துவிடுவாள். மகளைக் கூப்பிடப் போய் நிறுத்திக்கொண்டார். அவளிடம் என்னவென்று சொல்வது?

சுற்றிலும் கம்பி வடங்கள் மேலே போயின. அந்தச் செங்குத்தான இருட்டில் உட்கார்ந்து அவர் நினைத்தது தம்மைப் பற்றி அல்ல. மகள் இனி அந்த ஊருக்குப் போகமாட்டாள் என்பதுதான் முதலில் தோன்றியது. அதை நினைத்ததும் உள்ளே எங்கோ லேசாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. தலைக்குள் எதுவும் இருக்கட்டும், நெஞ்சுக்குள் இப்படி ஒன்று இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

கீழே இறங்கியவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூடினார். இன்ஸ்பெக்டரின் மூளை, ஸ்கேனில் எப்படித் தெரிந்ததோ தெரியாது, அந்த நேரத்தில் அபாரமாக வேலை செய்தது. சாப்பிட்டால்தானே சொல்லுவார்கள்? சாப்பிடாவிட்டால்? சட்டப்படி யாரும் வாயைத் திறக்க முடியாது. சாப்பிடாத வரைக்கும் அவருக்கு ஒன்றும் இல்லை.

டப்பாவைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். சிவப்புப் பலகையோடு சாப்பாடும் தருகிற அதிகாரியை அந்த மனிதர் அன்றுதான் பார்த்தார்.

மூன்று மணிக்குள் பொட்டில் தட்டல் நின்று இடி தொடங்கியது. இவ்வளவு வலி இதற்கு முன் வந்ததே இல்லை. காலையில் ரொட்டிகூடத் தொடாத ஒருவனுக்குப் பிற்பகலில் தலை வலிப்பது ஏன் என்று அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று மட்டும் எண்ணிக்கொண்டார்.

மனைவி டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்தாள், தலையில் பலகை மாட்டிய கார். பின் சீட்டில் மைத்துனர், மடியில் பெரிய உறை. அவர் அவ்வப்போது படத்தை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ம்ம்ம்" என்று ஒரு முனகல் முனகி உள்ளே வைத்தார். தம்பி படத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை அம்மாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, கியரை மாற்றினாள்.

சாப்பிடாதவரிடம் எதுவும் பேசமாட்டேன் என்று மைத்துனர் பிடிவாதமாக இருந்தார். அப்படியானால் சாப்பிடமாட்டேன் என்று இன்ஸ்பெக்டரும் பிடிவாதமாக இருந்தார். விஷயம் அம்மாளுக்குப் புரிய ஒரு சிக்னல் பிடித்தது. முன் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அது மாணவர்கள் மயங்கினால் கொடுப்பதற்கு வைத்திருப்பது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிக்னல் பச்சையானது. அவள் காரை எடுக்கவில்லை.

"உங்க பயம் என்னன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "தலைவலி இருக்கேன்னு இல்ல. அது போயிடுச்சுன்னா பாப்பாவும் போயிடுவாளேன்னு."

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. கற்றுக்கொள்ளும் வண்டி என்பதால் கொஞ்சம் இரக்கத்துடன்தான் அடித்தன. இன்ஸ்பெக்டர் அப்போதும் பிஸ்கட்டை வாங்கவில்லை.

நரம்பு மருத்துவர் மெலிந்த, வேகமான பெண்மணி. மூவரும் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வெளுத்த உதடு, வியர்த்த நெற்றி. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"சாப்பிட்டீங்களா?"

மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார். அம்மாள், எத்தனையோ லாரிகளைப் பார்த்தவள், கணவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. இன்ஸ்பெக்டர் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு, சொல்லிடுங்க டாக்டர், எதுவானாலும் தாங்கிக்கறேன் என்றார்.

எதற்குத் தாங்க வேண்டும் என்று மருத்துவருக்கு விளங்கவில்லை. படத்தை விளக்குத் திரையில் நேராக மாட்டினார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கட்டி இல்லை, அடைப்பு இல்லை, கசிவு இல்லை. நல்ல சுத்தமான மூளை என்றார். மைத்துனர் அதைத்தான் தாமும் காலையில் கவனித்ததாகச் சொன்னார்.

"அப்ப ஏன் வலிக்குது?"

"தெரியல" என்றார் மருத்துவர்.

ஆறு மாதத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் மருத்துவர் அவர். இன்ஸ்பெக்டருக்குக் கோபமும், காரணமே இல்லாமல் கொஞ்சம் மரியாதையும் வந்தன.

வலி மாத்திரை எவ்வளவு போடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். தினமும் என்றார் இவர். சில நாள் இரண்டு வேளை. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டதும் மைத்துனர் சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தை ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார். வலி மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரக்கூடும், இது ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன் என்றார் மருத்துவர். தாம் சொல்கிறபடி மாத்திரையை விட வேண்டும். முதலில் சில நாள் வலி கூடும், பயப்பட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கைபேசியில் நோய் தேடக்கூடாது. கவலைப்பட்டே தீர வேண்டுமென்றால் சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்து ஒழுங்காகக் கவலைப்பட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். இந்த வலி தவிர வேறு ஏதாவது புதிதாக வந்தால் உடனே வரலாம். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்.

இன்ஸ்பெக்டருக்கு இது பொறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபார்வையா? தம்முடைய தொழிலில் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று விளக்கினார். லிஃப்டை நிறுத்திவிடுவாராம்.

"அப்ப அந்தக் கட்டடத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று மருத்துவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"படி ஏறுவாங்க."

அம்மாள் கணவர் கையை விடாமலே சொன்னாள். "நாங்க ஆறு மாசமா படி ஏறிட்டிருக்கோம், டாக்டர்."

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிறவள் சொல்வது போலச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது? தம் நெற்றிப் பொட்டை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கண்ணாடியில் பார்க்கிறவர், அதே கண்ணாடியில் பின்னால் நின்ற முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

அவர் பிஸ்கட் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே பிரித்து, மருத்துவர் முன்னிலையில் நாலு பிஸ்கட் தின்றார்.

வெளியே வராந்தாவில் மைத்துனர் வாய் திறந்தார். அத்தான் சாப்பிட்டாயிற்று, சட்டம் திருப்தி அடைந்துவிட்டது. காலையில் சொல்ல வந்தது ஸ்கேனைப் பற்றியே இல்லை. மைத்துனர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும், மாமியார் வீட்டுக்குப் போக மனைவி தயார், மாமியார் இவரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஆகவே இரண்டு மாதம் அக்கா வீட்டில் தங்கலாம் என்று ஒரு யோசனை.

"பாப்பா ரூம் எப்படியும் காலியா—" என்று அவர் ஆரம்பித்தார். அம்மாளின் கையிலிருந்த கார் சாவிக்கொத்து அவர் கால் கட்டை விரலின் மேல் விழுந்தது. தவறித்தான் விழுந்திருக்க வேண்டும். மைத்துனர் விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் எதையும் கவனிக்கவில்லை. பிழைத்துக்கொண்ட மனிதருக்கே உரிய பெருந்தன்மையில், தாராளமாக வாங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். அதன் பலன்களை அவர் அனுபவிக்கத்தான் போகிறார். வீடு போய்ச் சேரும்வரை அவர் மனதுக்குள் ஓர் உரை தயாராகிக்கொண்டிருந்தது.

மாலை மகள் வந்ததும் அவளைக் கூடத்துக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். மனைவியையும் உட்காரச் சொன்னார். தாம் மட்டும் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

உரை சிறப்பாக இருந்தது. விஞ்ஞானத்தில் ஆரம்பித்தது, மூளையின் சுத்தத்தைத் தொட்டது, பெற்றவர்களின் கடமை என்ற இடத்தில் கொஞ்சம் தங்கியது. ஒரு தகப்பனின் சுயநலம் ஒரு பெண்ணின் எதிர்காலத்துக்குக் குறுக்கே சிவப்புப் பலகையாக நிற்கக்கூடாது என்ற கட்டத்தில் அவருக்கே கண் கலங்கியது. அதற்குப் பிறகு தயாரித்து வைத்திருந்தது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"நீ போறதுல எனக்கு இஷ்டமே இல்லம்மா" என்றார். உரையில் இல்லாத வாக்கியம். "தலை வலிக்குதுன்னு சொன்னா நீ இருப்பேன்னு நெனச்சிருக்கேன். வலி பொய் இல்ல. ஆனா அத நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருந்தது நிஜம். நீ போ. சந்தோஷமா போ."

மகள் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டை நனைந்தது. கட்டை விரல் தானாகவே பொட்டுக்குப் போய் அழுத்தியது. தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் ஓர் அறை காலியாகப் போகிறது என்ற நினைப்பு அதைவிட அதிகமாக வலித்தது. ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாக, காரணம் தெரியாத சத்தத்தோடு ஒரு லிஃப்டை ஓடவிட்ட பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது. அந்தத் தியாகத்தின் உயரம் அவருக்கே வியப்பாக இருந்தது.

இன்றைக்குத்தானே கடைசி நாள், இப்போதே அந்த ஆய்வுக்கூடத்துக்குப் பதில் சொல்லிவிடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். கைபேசியை எடுக்கவில்லை.

அம்மாள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

"அவ போன வாரமே சரின்னு சொல்லிட்டா" என்றாள்.